துணி காயப்போடும் கம்பியில் தேன்சிட்டுக் கூடு

பின்கட்டு · பிப்ரவரி 18, காலை 9.40

ஐந்து நாளாக எங்கள் வீட்டுத் துணியெல்லாம் உள்முற்றத்தைச் சுற்றியிருக்கும் வளவுத் தூண்களுக்கு நடுவே கயிறு கட்டித்தான் காய்கிறது. பின்னால் கிணற்றடியிலிருந்து கொய்யா மரம் வரை இழுத்துக் கட்டிய கம்பியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டிக்கொண்டிருக்கிறது. போன வருஷம் பாகற்கொடி ஏற்றக் கட்டிய சணல் கயிறு ஒரு முழம் தொங்கிக்கொண்டிருந்தது, அவிழ்க்காமல் விட்டிருந்தேன். அதன் நுனியைத்தான் பிடித்திருக்கிறது. முதல் நாள் ஒட்டடை என்று நினைத்து விளக்குமாற்றைக் கையில் எடுத்துவிட்டேன். ஓங்கும் நேரத்தில் பெட்டைக் குருவி வாயில் எதையோ கவ்விக்கொண்டு வந்து அந்த ஒட்டடையில் தொற்றியது. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

கட்டுவது பெட்டை மட்டும்தான். ஆண், தொண்டையில் ஊதா மினுங்க, அடிவயிறு மஞ்சளாக, மாதுளைக் கிளையில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருக்கும். பெட்டை போகிற இடமெல்லாம் கூடவே போய்க் கூடவே வரும். பெட்டை முதலில் கொண்டுவந்தது சிலந்தி வலை. சாய்ப்பு ஓட்டுக்கடியில் இருந்த நூலாம்படையை அலகால் சுற்றி எடுத்துவந்து கயிற்றில் ஒட்டியது. அதுதான் அதற்குப் பசை. அதன்மேல் காய்ந்த புல், வேப்பம்பட்டைச் செதில், சருகுத் துண்டு, புழு போட்ட எச்சம். வெளியே பார்த்தால் குப்பை தொங்குகிற மாதிரி இருக்கும், உள்ளே மெத்தை. வெயிலில் போட்டிருந்த பழைய தலையணை ஓரம் கிழிந்திருந்தது. நேற்றுக் காலை 7.20-லிருந்து 8 மணிக்குள் அந்தக் கிழிசலிலிருந்து 14 தடவை இலவம்பஞ்சு இழுத்துக்கொண்டு போனது. உட்கார்ந்து எண்ணினேன்.

34 வருஷம் கணக்கு டீச்சராக இருந்தேன். காலை 7.10 பஸ். ஐந்து மணிக்கு எழுந்து இருட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன், சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வந்து பூப் பறிப்பேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் துவைக்கவும் இட்லிக்கு அரைக்கவுமே சரியாக இருக்கும். கோட்டையூரில் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து 37 வருஷமாகிறது. காலை ஏழரை மணிக்கு இந்தத் தோட்டம் எப்படி இருக்கும் என்று ஓய்வு பெற்ற பிறகுதான் பார்த்தேன். கீழ்ப்பக்கத்துச் சுவர் உயரம். அதனால் வெயில் முதலில் தென்னை மட்டையில் விழுந்து, அப்புறம் கொய்யாவுக்கு இறங்கி, எட்டேகாலுக்குத்தான் தரைக்கு வரும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் தேனீ வருகிறது, அணில் இறங்குகிறது, இந்தக் குருவி வேலை பார்க்கிறது. நான் கரும்பலகை முன்னால் நின்ற நாளெல்லாம் இங்கே இது நடந்துகொண்டே இருந்திருக்கிறது.

உங்களுக்கும் அப்படி ஏதாவது உண்டா? வேலைக்குப் போன காலத்தில் கண்ணில் படாமல் இருந்து இப்போது படுவது எது? எழுதுங்கள். குருவிக் கூட்டைப் பற்றித் தெரிந்தவர்கள் அதையும் சொல்லுங்கள். இன்னும் எத்தனை நாள் துணியை உள்ளே போட வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்கிறார்.

செம்மண் · பிப்ரவரி 18, பகல் 1.05

டீச்சர், வணக்கம். நான் தேவகோட்டைப் பக்கம். 31 வருஷம் கண்டக்டர். உங்கள் 7.10 பஸ்ஸில் நான்கூட வந்திருக்கலாம்.

எனக்குக் கண்ணில் பட்டது மண். நம் ஊர் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேலே ஒரு சாண் செம்மண், கீழே செம்புறாங்கல். ஊற்றுகிற தண்ணீர் நிற்காது. முதல் வருஷம் போட்ட கத்தரி முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கினார். விரலை விரித்ததும் எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. "தம்பி, இதுக்குக் கரம்பை போடாம வேற எதைப் போட்டாலும் வீண்" என்றார். சித்திரையில் கண்மாய் வற்றியதும், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லி, அதன் அடியில் படிந்த வண்டல், அதுதான் கரம்பை, ஒரு டிராக்டர் அடித்தேன். கறுப்பாக, பாளம் பாளமாக வந்து இறங்கியது. மூன்று கூடை செம்மண்ணுக்கு ஒரு கூடை கரம்பை, ஒரு கூடை ஆட்டு எரு. கலந்து கோடை மழைக்கு விட்டுவிட்டேன். பாளம் தானாகக் கரைந்தது. ஆடியில் விதை போட்டேன்.

இப்போது காலையில் எழுந்ததும் ஒரு பிடி மண் அள்ளிப் பிடித்துப் பார்ப்பேன். உருண்டை நின்றால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். மண்புழு போட்டுவைத்த குவியல் குருணை அரிசி மாதிரி அங்கங்கே கிடக்கும். டிக்கெட்டும் சில்லறையும் எண்ணியே காய்த்துப்போன விரல் இது. இப்போது ஈரம் எவ்வளவு என்று தொட்டதும் சொல்கிறது. எனக்கு இது பெரிய சந்தோஷம்.

மொட்டைமாடி · பிப்ரவரி 18, இரவு 10.20

டீச்சர், எனக்குச் சொந்த ஊர் கானாடுகாத்தான், இருப்பது சென்னையில். ஓய்வு பெற இன்னும் நிறைய வருஷம் இருக்கிறது. ஊரிலிருந்து கறிவேப்பிலைக் கன்று ஒன்று கொண்டுவந்து மாடியில் தொட்டியில் வைத்திருக்கிறேன். ஒரு வாரமாக இலையில் காக்கை எச்சம் போல ஏதோ இருந்தது. தட்டிவிடப் போனால் நகர்கிறது! பச்சைப் புழுவும் நான்கு இருக்கிறது. இரண்டு நாளில் ஒரு கொப்பு மொட்டை. வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

பின்கட்டு · பிப்ரவரி 19, காலை 8.50

தம்பி, தயவுசெய்து அடிக்காதீர்கள். எச்சம் மாதிரி இருப்பதும் பச்சைப் புழுவும் ஒன்றுதான். சின்ன வயதில் எச்சம் போலவே இருக்கும், குருவி ஏமாந்து விட்டுவிடும். சட்டை உரித்துப் பெரிதானதும் இலை நிறத்துக்கு வந்துவிடும். ஒரு குச்சியால் மெதுவாக முதுகைத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டும், ஒரு வாடை வரும். கறிவேப்பிலை அழகி என்கிற கறுப்பு வண்ணத்துப்பூச்சியாக இருக்கும், இல்லாவிட்டால் எலுமிச்சை அழகி. நார்த்தை, எலுமிச்சையிலும் இதே கதைதான்.

நானும் முதலில் நசுக்கிப் போட்டவள்தான். அந்தப் பாவம் இன்னும் மனதில் இருக்கிறது. இப்போது எங்கள் வீட்டில் இரண்டு கறிவேப்பிலை மரம். ஒன்று குழம்புக்கு, ஒன்று அவற்றுக்கு. உங்களிடம் ஒரு கன்றுதான் இருக்கிறது என்றால் இரண்டு புழுவை விட்டுவிட்டு மற்றதை எலுமிச்சைச் செடி ஏதாவது இருந்தால் மாற்றிவிடுங்கள். மொட்டையான கொப்பு மறுபடி துளிர்க்கும். அரிசி களைந்த முதல் தண்ணீரை நாள் விட்டு நாள் ஊற்றுங்கள், வாரம் ஒரு தரம் புளித்த மோரைத் தண்ணீர் விட்டு விளாவி ஊற்றுங்கள். எங்கள் வீட்டில் முதல் கழுநீர் செடிக்கு, இரண்டாவது கழுநீர் வெண்டைக்காய் மண்டிக்கு, அந்தக் கழுநீரில் வைக்கிற குழம்பு அது. மண்டி வைக்கிற அன்றைக்குச் செடியும் நாங்களும் ஒரே பானையில் சாப்பிடுகிறோம்.

பயிர்க்காவல் · பிப்ரவரி 19, மாலை 6.15

டீச்சர் சொன்னது சரி. வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன்.

எது பூச்சி, எது காவல் என்று பார்க்காமல் மருந்தைக் கையில் எடுக்கக் கூடாது என்பதை நான் பப்பாளியில்தான் கற்றேன். 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தெரிந்தது. மறு வருஷமே எங்கே பார்த்தாலும் பப்பாளி மரம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக நின்றது. மல்பெரி, மரவள்ளி, வீட்டுச் செம்பருத்தி, எதையும் விடவில்லை. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து அடித்தும் கேட்கவில்லை. 2010-ல் பியூர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவியைக் கொண்டுவந்து பெருக்கினார்கள். குளவி என்றால் நம் வீட்டுக் குளவி இல்லை. கடுகைவிடச் சிறிது. மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கும், உள்ளிருந்து தின்றுகொண்டு வெளியே வரும். சிறு குப்பியில் கொண்டுபோய் மரத்தடியில் மூடியைத் திறந்துவிட்டோம். சில மாதத்தில் வெள்ளை அடங்கி மரத்தில் புதுக் குருத்து வந்தது. பணியில் நான் செய்த வேலையிலேயே எனக்கு நிறைவு தந்தது அதுதான்.

வீட்டில் மாவுப்பூச்சி பார்த்தால் முதலில் எறும்புச் சாரையைப் பாருங்கள். மாவுப்பூச்சி கசியும் இனிப்புக்காக எறும்பு காவல் நிற்கும், குளவியைக் கிட்டே விடாது. எறும்பு ஏறும் வழியை அடைத்தாலே பாதி வேலை முடிந்தது. மிச்சத்துக்கு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு சொட்டு சோப்பு, வெயில் தாழ அடியுங்கள்.

தேன்சிட்டு விஷயம்: பொதுவாக இரண்டு முட்டை. அடைகாக்க இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேல், குஞ்சு பறக்க இன்னொரு பதினேழு நாள் போல. பங்குனி பாதிவரை துணியை உள்ளேதான் போட வேண்டும்.

பூக்கூடை · பிப்ரவரி 20, காலை 11.30

சார், இடையில் கேட்பதற்கு மன்னிக்கணும். குண்டுமல்லி என்று சொல்லி ஒரு நாற்றுப் பண்ணையில் வாங்கிவந்தேன், ஒற்றை இதழ் மல்லியாகப் போய்விட்டது. சரி, அதுவும் மணக்கிறது, வைத்துக்கொண்டேன். ஆனால் பூ ரொம்பக் குறைச்சல். பிச்சியும் அப்படித்தான். எப்போது வெட்டிவிட வேண்டும்?

பயிர்க்காவல் · பிப்ரவரி 20, பகல் 12.10

மல்லி நவம்பர் கடைசி வாரம், பிச்சி டிசம்பர் கடைசி, முல்லை ஜனவரி கடைசி. தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். வெட்டுவதற்கு முன்னால் சில நாள் தண்ணீரை நிறுத்துங்கள். இந்த வருஷம் இனி வெட்ட வேண்டாம். எரு போட்டு, நல்ல வெயில் படுகிறதா என்று மட்டும் பாருங்கள். நிழலில் இருந்தால் இலைதான் வரும்.

பின்கட்டு · பிப்ரவரி 20, பகல் 3.00

எங்கள் மாமியார் இருந்தவரை கார்த்திகை தீபம் முடிந்த கையோடு மல்லியை வெட்டச் சொல்லுவார். நான் மனசில்லாமல் நுனியை மட்டும் கிள்ளுவேன். அவர் அரிவாளை வாங்கி முழங்கால் உயரத்துக்குச் சரசரவென்று வெட்டிவிட்டுப் போவார். பங்குனியில் கூடை கூடையாக வரும். சார் சொன்ன கணக்கும் அவர் கணக்கும் ஒன்றாக இருப்பதைப் பார்த்து இப்போதுதான் ஆச்சரியப்படுகிறேன்.

கண்மாய்க்கரை · பிப்ரவரி 21, காலை 6.30

எல்லாரும் சந்தோஷத்தை எழுதுகிறீர்கள். நான் ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கம், வேட்டங்குடி சரணாலயத்துக்குச் சமீபம். பறவை பிடிக்காதவன் இல்லை. 1977-லிருந்து அது சரணாலயம். கொள்ளுக்குடிப்பட்டியில் நாரையும் கொக்கும் பயப்படும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

ஆனால் மயில் வேறு. 20 சென்ட்டில் மிளகாயும் தக்காளியும் போட்டிருக்கிறேன். விடிவதற்குள் ஏழெட்டு இறங்கிவிடும். தக்காளியை முழுசாகத் தின்றாலும் பரவாயில்லை, ஒவ்வொன்றிலும் ஒரு கொத்து கொத்திவிட்டு அடுத்ததற்குப் போகிறது. நாற்று நட்டால் குருத்தைக் கிள்ளுகிறது. விதைத்தால் காலால் சீய்க்கிறது. தேசியப் பறவை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை, கல்கூட எறிய முடியாது. எறியவும் மனசு வராது, முருகன் வாகனம். குன்றக்குடி மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்து இதை விரட்டுவது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. எங்கள் பக்கம் நரி ஊளை கேட்டே எத்தனையோ வருஷமாகிறது. முட்டையைத் தின்ன ஆள் இல்லை.

செம்மண் · பிப்ரவரி 21, காலை 9.15

அண்ணே, மயில் வருகிற தோட்டத்தில் பாம்பு நிற்காது என்பார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் தினமும் ஒன்று வந்து உட்காரும். தோகையைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் அந்தச் சுவரே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாமே.

கண்மாய்க்கரை · பிப்ரவரி 21, காலை 9.50

தம்பி, உங்களுக்கு ஒன்று, சுவரில். எனக்கு எட்டு, மிளகாயில்.

பின்கட்டு · பிப்ரவரி 21, பகல் 2.40

கண்மாய்க்கரை அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்குப் பென்ஷன் வருகிறது. குருவிக்கு ஒரு கம்பியை விட்டுக்கொடுத்தேன் என்றால் எனக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. அவருக்கு அது சாப்பாடு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

அண்ணே, தொண்டிப் பக்கம் கிழிந்த மீன்வலை எடைக்குக் கிடைக்கும். எங்கள் நாத்தனார் கீரைப் பாத்திக்கு நாலு கம்பு நட்டு மேலே விரித்திருக்கிறார். மயில் வலையில் கால் வைக்கப் பயப்படுகிறது. 20 சென்ட் முழுக்க முடியாவிட்டாலும் நாற்றங்காலுக்கும் தக்காளிக்குமாவது போட்டுப் பாருங்கள்.

பயிர்க்காவல் · பிப்ரவரி 21, மாலை 5.30

வலை கட்டினால் பக்கவாட்டில் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிக் கட்டுங்கள். தரையோடு விட்டால் சாரைப்பாம்பு மாட்டிக்கொண்டு செத்துப்போகும். அது இல்லாவிட்டால் எலி தாங்காது.

ஆவாரங்காடு · பிப்ரவரி 27, இரவு 9.00

டீச்சர் அம்மா, சிங்கப்பூரில் இருந்து எழுதுகிறேன், ஊர் பள்ளத்தூர். ஒரு வாரமாகத் தினமும் இரவு இதைப் படித்துவிட்டுத்தான் தூங்குகிறேன். எனக்குத் தோட்டம் இல்லை, சன்னலோரம் ஒரு கற்பூரவல்லித் தொட்டி இருக்கிறது.

நீங்கள் வளவுத் தூண் என்று எழுதியதும் ஞாபகம் எங்கோ போய்விட்டது. ஐப்பசி மழையில் நான்கு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில் வந்து விழும். அப்பத்தா முதல் மழையை விட்டுவிடுவார். ஓடு கழுவிப் போகட்டும் என்பார். இரண்டாவது மழைக்குத்தான் பித்தளை அண்டாவை இழுத்து வைப்பார். வெள்ளைத் துணியை நாலாக மடித்து வாயில் கட்டி நாங்கள் பிடித்துக்கொள்வோம். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகிற வேகமே தனி. மீதித் தண்ணீர் வடிகால் வழியாக ஊருணிக்குப் போகும். மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டாயம் என்று 2003-ல் வந்தபோது அப்பத்தா, இது என்ன புதுசா என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு இங்கே திரிக்கு 21 நூல் இழையும் விளக்குக்கு மாவும் கிடைத்துவிடுகிறது, ஆவாரம்பூ மட்டும் கிடைக்கவில்லை. ஊரில் ரோட்டோரம் கேட்பாரற்றுப் பூத்துக் கிடக்கும். உங்கள் தோட்டத்தில் ஆவாரை இருக்கிறதா?

பின்கட்டு · பிப்ரவரி 28, காலை 8.35

தாயி, தோட்டத்தில் இல்லை, கொல்லைக் கதவுக்கு வெளியே வேலியோரம் நிற்கிறது. யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றுவதும் இல்லை. நீ எழுதிய பிறகு இன்று காலை போய்ப் பார்த்தேன், மஞ்சளாகப் பூத்திருந்தது. காயும் முற்றியிருந்தது. விதை எடுத்துக் காயவைத்திருக்கிறேன். நீ அடுத்த தடவை ஊருக்கு வரும்போது, அங்கே கொண்டுபோகலாமா என்று விசாரித்துக்கொண்டு வா.

கூட்டுக்குள் பெட்டை உட்கார்ந்துவிட்டது. நேற்றிலிருந்து வெளியே அதிகம் வரவில்லை. வாசலுக்கு மேலே தாழ்வாரம் மாதிரி ஒரு சின்ன நீட்டல் கட்டியிருக்கிறது, அதற்கடியில் அலகு மட்டும் தெரிகிறது. நம் வீட்டு முகப்பு மாதிரியே இருக்கிறது.

மொட்டைமாடி · மார்ச் 9, காலை 7.45

டீச்சர்! இரண்டு புழுவும் கூட்டுப்புழு ஆகிவிட்டன. ஒன்று தொட்டி விளிம்பில், ஒன்று துணி கிளிப்பில். இடுப்பில் ஒரு நூல் கட்டிச் சாய்ந்து நிற்கின்றன. கம்பத்தில் ஏறப் போகும் ஆள் இடுப்பில் கயிறு கட்டுகிற மாதிரி. இன்று ஆபீசுக்கு அரை மணி தாமதமாகப் போகிறேன்.

பின்கட்டு · மார்ச் 16, காலை 9.10

குஞ்சு பொரித்து மூன்று நாளாகிறது. இப்போது ஆணும் இரை கொண்டுவருகிறது. வாயில் சின்னச் சின்னப் புழு, சிலந்தி.

இன்று ஒரு காரியம் நடந்தது. கொய்யா மரத்தில் செண்பகம், செம்போத்து என்பார்களே அந்தப் பறவை, கிளைகிளையாகத் தாவி ஏறி வந்தது. அதற்குக் கூடு தெரிந்துவிட்டது. தேன்சிட்டு இரண்டும் கத்துகின்றன, ஒரு விரல் அளவு உடம்பை வைத்துக்கொண்டு அதன் தலைக்கு மேலே பாய்கின்றன. நான் திண்டிலிருந்து எழுந்து கையைத் தட்டிக்கொண்டு ஓடினேன். போய்விட்டது. மறுபடி வருமோ என்று அப்போதிலிருந்து கிணற்றடியிலேயே உட்கார்ந்திருக்கிறேன். கீரை ஆய்வதையும் இங்கேயே வைத்துக்கொண்டேன்.

பயிர்க்காவல் · மார்ச் 16, காலை 10.00

தவறாக நினைக்காதீர்கள் டீச்சர். செண்பகத்துக்கும் கூட்டில் குஞ்சு இருக்கும். உங்கள் தோட்டத்து நத்தையையும் புழுவையும் தின்பது அதுதான். நாம் இடையில் போகாமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

பின்கட்டு · மார்ச் 16, பகல் 12.20

சார் சொல்வது அறிவுக்குச் சரியாகத்தான் படுகிறது. 14 தடவை பஞ்சு எடுத்துப் போனதை எண்ணிவிட்டு என்னால் பேசாமல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. செண்பகத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வேறு எங்கே போய் என்ன தின்றாலும் நான் பார்க்கப் போவதில்லை. இந்தக் கம்பியில் மட்டும் விட மாட்டேன்.

மொட்டைமாடி · மார்ச் 20, காலை 6.55

துணி கிளிப்பில் இருந்தது இன்று வெளியே வந்துவிட்டது. கறுப்பு, பின் இறக்கையில் வெள்ளைப் பொட்டு வரிசை. நீங்கள் சொன்ன கறிவேப்பிலை அழகிதான். இறக்கை காயும்வரை முக்கால் மணி நேரம் என் சட்டைக் கையிலேயே இருந்தது. கறிவேப்பிலையில் புதுத் துளிரும் வந்துவிட்டது.

கண்மாய்க்கரை · மார்ச் 27, இரவு 7.30

தொண்டி வலை வாங்கிக் கட்டியாகிவிட்டது, ஒரு சாண் தூக்கி. நாற்றங்கால் தப்பித்தது. தக்காளி முதல் பறிப்பு 11 கிலோ, ஒன்றில்கூடக் கொத்து இல்லை. மிளகாய்க்கு வலை பற்றவில்லை, அதில் வருகிறது. பாதியாவது கிடைத்ததே. டீச்சருக்கு நன்றி. குஞ்சு எப்படி இருக்கிறது?

பின்கட்டு · மார்ச் 31, காலை 9.30

ரொம்ப சந்தோஷம் அண்ணே.

நேற்று ஏழே முக்காலுக்கு முதல் குஞ்சு வாசலில் வந்து உட்கார்ந்தது. வால் கட்டை, அலகு ஓரம் இன்னும் மஞ்சள். பெட்டை மாதுளையில் இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, இரையைக் காட்டியது, கிட்டே கொண்டுவரவில்லை. வெயில் கொய்யாவுக்கு இறங்கிய நேரம், குஞ்சு கம்பிக்குத் தாவியது. அங்கிருந்து மாதுளைக்கு. இரண்டாவது இன்று காலை. அது தடுமாறித் துவைக்கிற கல்லில் விழுந்து, எழுந்து, ஒரு வழியாகப் பவளமல்லிக்குள் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்காரரும் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் வளவில் கட்டியிருந்த கயிற்றை அவராகவே அவிழ்த்துக்கொண்டு வந்தார்.

கம்பியைத் துடைத்துவிட்டுத் துணி போட்டாகிவிட்டது. கூடு தொங்குகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஒரு முழம் விட்டுவிட்டுத்தான் போட்டேன். பெட்டை சற்று முன்னால் வந்து கூட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டுப் போனது.